கார் ஏசி குளிரவில்லையா? கேஸ் நிரப்பும் முன் இவற்றைப் பாருங்கள்

ஏசி குளிரவில்லை என்றதும் பல ஒர்க்‌ஷாப்புகளில் வரும் முதல் பதில், "கேஸ் தீர்ந்திருக்கும், நிரப்பிடலாம்". பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோக ஏசி கேஸ் எரிபொருள் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது அது. சட்டென்று குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் நிரப்பினால் காசும் சேர்ந்து கசியும்.

முதலில் காற்றைக் கவனியுங்கள். ப்ளோயரை முழு வேகத்தில் வைத்தும் காற்று குறைவாக வந்தால், ஏசி ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். நிறைய கார்களில் அது க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். தூசியும் சருகும் அடைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். தொடக்கத்தில் நன்றாக வந்த காற்று போகப் போகக் குறைகிறதா? ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓடவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பிவிட்டால், கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது என்று அர்த்தம்.

அடுத்தது, கேஸை அழுத்திச் சுற்றவிடும் காம்ப்ரசர். ஹேண்ட்பிரேக் போட்டு, வண்டியை நியூட்ரலில் வைத்து, திறந்த இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு பானட்டைத் திறங்கள். கை, துப்பட்டா எதுவும் பெல்ட் பக்கமோ ஃபேன் பக்கமோ போகக் கூடாது. ஃபேன் எந்த நேரமும் தானாகச் சுற்றத் தொடங்கும். உள்ளே ஒருவர் ஏசியைப் போட்டதும் 'டக்' என்று சத்தம் கேட்டு, காம்ப்ரசரில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியின் முன்பக்கத் தட்டும் சேர்ந்து சுற்ற வேண்டும். வெளி வளையம் மட்டும் சுற்றி, நடுத்தட்டு அசையாமல் நின்றால், புல்லியைக் காம்ப்ரசரோடு இணைக்கும் கிளட்ச் பிடிக்கவில்லை. ஃபியூஸ், ரிலேவைப் பாருங்கள். அவை சரியாக இருந்தால் கேஸ் குறைவாக இருக்கலாம். அழுத்தம் இறங்கினால் பிரஷர் சுவிட்ச் காம்ப்ரசரை ஓடவிடாது. சில விநாடிக்கு ஒருமுறை பிடித்துப் பிடித்து விட்டாலும் கேஸ் குறைவு மேல் சந்தேகப்படலாம். சில புது கார்களில் கிளட்ச்சே கிடையாது. அங்கே இந்தச் சோதனை பயன்படாது.

ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் சூடாகிறதா? கேஸின் சூட்டை வெளியேற்ற முன்பக்கம் இருக்கும் கண்டென்சரின் ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். கண்டென்சரில் மண், பூச்சி படிந்திருந்தால் இன்ஜின் ஆறிய பிறகு மெதுவாகத் தண்ணீர் அடியுங்கள். வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

அப்புறம் கசிவு. கேஸோடு காம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்து ஓடுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரியும். டார்ச் அடித்துக் குழாய் இணைப்புகளையும், கல் தெறிக்கும் இடமான கண்டென்சரின் கீழ்ப்பகுதியையும் பாருங்கள்.

இதுவரை வீட்டிலேயே செய்யலாம். குழாய் எதையும் நீங்களே கழற்ற வேண்டாம். ஆர்134ஏ கேஸின் கொதிநிலை சுமார் மைனஸ் 26 டிகிரி. கையிலோ கண்ணிலோ பட்டால் காயம் நிச்சயம்.

ஒர்க்‌ஷாப்பில் அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். இன்ஜின் ஓடும்போது, கேஸ் காம்ப்ரசருக்குள் போகும் லோ சைடு, வெளியே வரும் ஹை சைடு என இரண்டு பக்கமும் அழுத்தம் குறைவாக இருந்தால் கேஸ் குறைவு. லோ சைடு ஏறி, ஹை சைடு இறங்கியிருந்தால் காம்ப்ரசர் பலவீனம். அதற்குக் கேஸ் நிரப்பிப் பயனில்லை. நிரப்பத்தான் வேண்டுமென்றால் கசிவை அடைத்து, வேக்குவம் போட்டு (குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), பானட்டுக்குள் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று இருக்கிறதோ அத்தனை கிராம் எடை போட்டு நிரப்பச் சொல்லுங்கள். கூடினாலும் குளிராது.