விலக்கி வைத்த கோச்சைத் திரும்பச் சேர்ப்பதா? முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் கபடிக் குழு இருக்கிறது. பிசான நெல் அறுத்து முடிந்ததும் வயல்தான் ஆடுகளம். மற்ற மாதங்களில் கோயிலுக்குப் பின்னால் உள்ள மண் தரை. 31 வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், குழுவின் வழக்கு வம்பெல்லாம் கடைசியில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். இதுவும் அப்படி வந்ததுதான்.

2023 ஆடியில் பக்கத்து ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மின்னொளி கபடிப் போட்டி, 60 கிலோ பிரிவு. எங்கள் முக்கியமான ரைடருக்கு, அதாவது எதிரணிக் களத்துக்குப் பாடிப்போகிற பையனுக்கு, 17 வயது, எடை 62 கிலோ 400 கிராம். கோச்சுக்கு 22 வயது, எங்கள் மண்ணிலேயே ஆடி வளர்ந்தவன். முந்தின நாள் காலையிலிருந்து பையனுக்குத் தண்ணீர் கிடையாது. இரண்டு பனியனுக்கு மேல் மழைக்கோட்டை மாட்டி, உச்சி வெயிலில் கால்வாய்க் கரையில் ஓடவிட்டான். எச்சிலைத் துப்பிக்கொண்டே இருக்கச் சொன்னான். ராத்திரி பேதி மாத்திரை. எடை சரியாக வந்துவிட்டது. இரண்டாவது ஆட்டத்தில் பாடிப்போன பையன் திரும்பிக் கோட்டுக்கு வரவில்லை, நடுக்களத்தில் சரிந்தான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ். பையனின் அம்மாவிடம் கோச் சொன்னது, "பரோட்டா ஒத்துக்கிடலக்கா."

உண்மை வெளியே வர ஒரு வாரம் ஆயிற்று. அவனை விலக்கினோம். போன தை மாதம் மறுபடி வந்து நின்றான். இப்படி ஒருவன் உங்கள் குழுவின் வாசலிலும் நின்றால் என்ன செய்வது என்று நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் குற்றம் எந்த ரகம் என்று பாருங்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் தவறாக நடந்த விஷயம் என்றால் கூட்டமே போட வேண்டாம். அது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டத்தில் போகும், குழு உட்கார்ந்து பேசித் தீர்க்கிற சமாச்சாரம் இல்லை. தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருந்தால் 6 மாதம் வரை சிறை உண்டு, நிறுவனத்துக்குப் பொறுப்பாளராக இருந்தால் ஒரு வருஷம் வரை. குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிட்டுவிட்டு, அவனை மைதானத்துப் பக்கமே விடாதீர்கள். ஊக்கமருந்தில் தடை வாங்கியவன் என்றால், தடை முடியும் வரை பேச்சே எடுக்க வேண்டாம். தடையில் இருக்கிற பயிற்சியாளரிடம் பயிற்சி எடுத்தால் உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிப்படி வீரனுக்கும் தடை வரலாம். பணத்தைக் கையாடியவன் என்றால் பணம் வரட்டும், அப்புறம் பேசலாம். மீதி இருப்பது எங்களுடையது போன்ற வழக்கு: ஜெயிக்கிற ஆசையில் பிள்ளையைப் பாழாக்கப் பார்த்தவன். இதில்தான் யோசிக்க இடம் இருக்கிறது.

யோசிப்பதற்கு முன், அடிபட்டவர் வீட்டுக்குப் போங்கள். நான் இதைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன், அது என் தப்பு. கமிட்டியில் எட்டுப் பேர் இரண்டு ராத்திரி பேசியிருந்தோம். ஒருவர்கூட அந்தத் தெருப்பக்கம் போகவில்லை.

போனபோது அந்த அம்மா மடியில் சொளவை (முறம்) வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். இலையில் தூளை வைத்து, சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி அறுக்கிற வேகத்தில் பேச்சு மட்டும் மெதுவாக வந்தது. "தண்ணி குடுக்காததக்கூட விட்டுருவேன் சார். பிள்ளை கெடக்கான், நான் பரோட்டாக் கடைக்காரன வாசல்ல நின்னு ஏசிட்டு வந்தேன்லா. அந்தப் பொய்ய அவன் வாயாலயே வந்து எடுக்கட்டும்." நாங்கள் எட்டுப் பேரும் எடை, தண்ணீர், மாத்திரை என்று பேசிக்கொண்டிருந்தோம். பரோட்டா எங்கள் யாருக்கும் ஞாபகத்திலேயே இல்லை.

பையனையும் தனியாகக் கேளுங்கள், அம்மா அப்பா இல்லாத இடத்தில். எங்கள் பையன், "வரட்டும் சார், ஆனா எனக்கு எடை பாக்கது வேற யாராவது" என்றான். சரி என்றேன்.

அடுத்தது அவனை உட்காரவைத்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்வது. குறுக்கே பேசாதீர்கள். வினைச்சொல்லை மட்டும் கவனியுங்கள். முதல் தடவை வந்தபோது, "தெரியாம நடந்துபோச்சு சார்" என்றான். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டாம் தடவை, "எல்லா டீம்லயும் செய்யதுதான சார்." அதற்கும் காப்பிதான். மூன்றாம் தடவை மூன்று வாரம் கழித்து வந்தான். ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தண்ணி கேட்டான் சார். ரெண்டு தடவ கேட்டான். நான் குடுக்கல" என்றான். அன்றைக்குத்தான் நோட்டை எடுத்தேன்.

டீக்கடைத் தீர்ப்புகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம். 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 50 கிலோ இறுதிப் போட்டி அன்று 100 கிராம் கூடிப் போய்த் தகுதி இழந்தாரே, அன்றிலிருந்து எங்கள் ஊரில் எல்லோரும் எடைக் குறைப்பு நிபுணர்கள். "ஒலிம்பிக்லயே செய்தாங்க, நம்ம பயல மட்டும் ஏன் ஒதுக்கணும்" என்று ஒரு கட்சி. வினேஷ் விவரம் தெரிந்த பெரியவர், கூடவே டாக்டர்கள் இருந்தார்கள். எங்கள் பையன் கூட இருந்தது ஒரு மழைக்கோட்டு. அமெரிக்காவில் 1997-இல் ஐந்து வாரத்துக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கப் போய்ச் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே கல்லூரிப் போட்டிகளில் ரப்பர் உடுப்புக்கும் நீராவி அறைக்கும் தடை வந்தது. இதை நான் சொன்னதும் அந்தக் கட்சி கொஞ்சம் அடங்கியது.

இனி, கமிட்டி தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டியது. 22 வயதுப் பயலிடம் பதினாலு பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு நாம் எங்கே இருந்தோம்? அவன் இதை யாரிடம் கற்றான்? இரண்டாவது கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். நான் வேலையில் இருந்த காலத்தில் பள்ளிக்கூடப் போட்டிக்கு எடை பார்க்கும் முன், அரைக் கிலோ கூடி நின்ற பையனிடம், "எச்சில முழுங்காத, துப்பிக்கிட்டே ஓடு" என்று சொன்னவன் நான். வரிசையில் பின்னால் நின்று அதைக் கேட்ட சின்னப் பையன்களில் இவனும் ஒருத்தன். இதைக் கமிட்டியில் சொல்ல எனக்கு இரண்டு கூட்டம் பிடித்தது.

சேர்ப்பது என்று முடிவானால், நிபந்தனையை எழுதி, பெற்றோர்களைக் கூட்டி, அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். நாங்கள் எழுதியது பெரிய காகிதம் ஒன்றுமில்லை. ஆறு மாதம் உதவியாளன்தான். முதல் மூன்று மாதம் தரை நனைப்பது, சுண்ணாம்புக் கோடு போடுவது, பிள்ளைகளுக்கு உடம்பு சூடேற்றுகிற பயிற்சி கொடுப்பது, அவ்வளவே. வெளியூர்ப் போட்டிக்குப் பிள்ளைகளோடு தனியாகப் போகக் கூடாது. எடை மெஷின் என் வீட்டில் இருக்கும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை எழுதுகிற நோட்டு ஒரு பெற்றோர் கையில். பயிற்சியில் உடம்பு எடையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இறங்கினால், அதாவது 60 கிலோப் பையனுக்கு 1 கிலோ 200 கிராமுக்கு மேல் போனால், தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். அன்றைக்குப் பயிற்சி நிற்கும். பையன் எந்தப் பிரிவில் ஆடுவான் என்பது போட்டிக்கு ஒரு மாதம் முன்பே முடிவாகிவிடும், கூடினால் மேல் பிரிவு. வசதி வரும்போது பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனமான என்.ஐ.எஸ். நடத்துகிற ஆறு வாரப் பயிற்சிக்கு அவனை அனுப்ப வேண்டும் என்றும் ஒரு வரி. அதற்குப் பணம் இன்னும் சேரவில்லை.

சம்பளத்தை நிறுத்தாதீர்கள். பாதியாவது கொடுங்கள். சும்மா வேலை வாங்கினால் அது தண்டனையாகிவிடும், தண்டனை முடிந்த நாளில் அவனும் பழைய ஆள் ஆகிவிடுவான்.

பரோட்டா விஷயம் நிபந்தனையில் முதல் வரி. அவன் அந்த அம்மாவிடம் போனான். ஒரு கட்டுப் பீடி சுற்றி முடிகிற வரை வாசலில் நிற்கவைத்துத்தான் கேட்டாராம். அப்புறம் கடைக்காரரிடம் போனான். அவர் சிரித்துவிட்டு, பழைய பாக்கி 140 ரூபாயையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்.

இப்போது மூன்றாம் மாதம். சித்திரைக் கொடைக்கு நோட்டீஸ் வந்துவிட்டது, 65 கிலோ. எங்கள் ரைடர் நோட்டுப்படி 65 கிலோ 800. "ரெண்டு நாள்ல இறக்கிருவேன்" என்று அவனே வந்து கெஞ்சினான். கோச் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. பட்டியலில் பையன் பெயரை அடித்துவிட்டு, சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு கோடு போடப் போய்விட்டான். பையன் இரண்டு நாளாக அவனிடம் பேசவில்லை.