காரோடு வந்த பழைய திரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலம் 2020-ல் திறந்தது. என் கார் அதற்கு முந்தையது. பாலத்தின் மேல் போய்க்கொண்டிருக்கும்போதே, கீழே இருக்கும் சாலையை நினைத்துக்கொண்டு "வலது பக்கம் திரும்பவும்" என்கிறது காரோடு வந்த வழிகாட்டித் திரை. சில பழைய வரைபடங்களில் பெங்களூரு சாலைக்கு இன்னும் தேசிய நெடுஞ்சாலை எண் 7தான். பலகையில் இருப்பது 44. வழி கேட்பதற்கு இதை நம்ப வேண்டாம்.

அதற்காகத் திரையோடு சேர்ந்த யூனிட்டையே பிடுங்கிப் போடுவது அதைவிடப் பெரிய தவறு. ரேடியோ, ஸ்டீயரிங் பட்டன், ரிவர்ஸ் கேமரா எல்லாம் அதோடுதான் இணைந்திருக்கும். மாற்றியே ஆகவேண்டும் என்றால், உங்கள் மாடலுக்கான கப்ளர் (வயரை வெட்டாமல் செருகி இணைக்கும் பாகம்) இருக்கிறதா என்று கேளுங்கள். வயரை வெட்டி டேப் சுற்றித் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். வரைபடம் இருக்கும் எஸ்டி கார்டை அடுத்தவரிடம் வாங்கிக் காப்பி எடுத்துப் போட்டால் வரைபடம் புதிதாகிவிடும் என்பதும் பெரும்பாலும் நடக்காது. பல யூனிட்களில் கார்டு அந்த ஒரு வண்டிக்கே பூட்டப்பட்டிருக்கும்.

பேட்டரி மாற்றும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நானும்தான். பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் திரையில் "கோட்" (ரகசிய எண்) என்று நான்கு கட்டங்கள் வந்து நின்றன. திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு அது. குத்துமதிப்பாக எண்களை அழுத்திப் பார்க்காதீர்கள். சில தடவை தப்பானால் முழுதாகப் பூட்டிக்கொள்ளும். எனக்கு அந்த எண், கார் கையேட்டின் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டிக்கொண்டிருந்த சின்ன அட்டையில் கிடைத்தது. இன்றைக்கே தேடி எடுத்து எழுதி வையுங்கள்.

கடிகாரம் சரியாக ஓடினாலும் தேதி மட்டும் சுமார் இருபது வருடம் பின்னால் போய்விட்டதா? ஜிபிஎஸ் தேதியை வாரக் கணக்கில் எண்ணும், 1024 வாரத்துக்கு, அதாவது சுமார் இருபது வருடத்துக்கு ஒருமுறை அந்த எண்ணைப் பூஜ்யத்தில் இருந்து தொடங்கும். பழைய யூனிட் அதைப் பழைய தேதி என்று எடுத்துக்கொள்ளும். கடைசியாக இந்திய நேரப்படி 2019 ஏப்ரல் 7 அதிகாலையில் அது நடந்தது. இடத்தைச் சரியாகக் காட்டினால் ஜிபிஎஸ் கெட்டுப்போகவில்லை. பழுது என்று காசு செலவழிக்க வேண்டாம்.

ஏற்காடு ஏறும்போது எஃப்எம் இரைகிறது என்று ஆன்டெனாவை மாற்றுகிறவர்களும் உண்டு. எஃப்எம் அலை நேர்கோட்டில்தான் பெரும்பாலும் வரும், நடுவில் மலை வந்தால் மறைந்துவிடும். கீழே இறங்கியதும் பாட்டு திரும்பி வந்தால் ஆன்டெனா நன்றாகவே இருக்கிறது.

வழிக்குப் போன்தான் சரி. ஆனால் மலைப்பாதையில் சிக்னல் விட்டு விட்டு வரும், அடிவாரத்துக்கு முன்பே வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். பழைய யூனிட்டின் யூஎஸ்பி பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் தரும், மேப் ஓடும் போனுக்கு அது பற்றாது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் நல்ல சார்ஜரைச் செருகுங்கள். 2020 அக்டோபரிலிருந்து வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது, கவனம் சிதறாத வகையில். அதனால் போனை ஸ்டாண்டில் மாட்டி, குரல் வழிகாட்டலை வைத்துவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எதிலும் திரையைப் பார்க்க வேண்டாம். எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் சில அடிதான்.

கோடை விழா சமயத்தில் இறங்கும் வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பி விடுவதுண்டு. அப்போது போன் சொல்வதையும் விட்டுவிட்டு, நிற்கும் காவலர் கை காட்டும் பக்கம் போங்கள்.