தெர்மல் கேமரா வாங்கப் போகிறீர்களா? முதலில் தூரத்தை அளந்து வையுங்கள்

சூட்டைப் படமாகக் காட்டும் இந்தக் கேமராவைக் கையில் கொடுத்ததும் எல்லோரும் முதலில் உள்ளங்கையைத்தான் காட்டிப் பார்ப்போம். கை சிவப்பும் மஞ்சளுமாகப் பளிச்சென்று தெரியும், மனசு நிறைந்துவிடும். ஆனால் வேலையில் நீங்கள் பார்க்கப் போவது மூன்று மீட்டர் தள்ளி, திறந்த மின் பேனலுக்குள் இருக்கும் விரல் அகலக் கேபிள் லக்கை, அதாவது கேபிள் நுனியை இணைக்கும் உலோகத் துண்டை. அதனால் பார்க்கவேண்டியதில் மிகச் சிறியது எது, அதை எவ்வளவு தூரத்தில் நின்று பார்ப்பீர்கள், இந்த இரண்டையும் முதலில் எழுதி வையுங்கள்.

மீதிக் கணக்கு அதிலிருந்து வந்துவிடும். சூட்டை உணரும் டிடெக்டர் 160×120 பிக்சல், லென்ஸின் பார்வைக் கோணம் 45 டிகிரி என்றால் ஒரு பிக்சலுக்குள் அடங்கும் அகலம் ஒரு மீட்டரில் சுமார் 5 மி.மீ., மூன்று மீட்டரில் 15 மி.மீ. நம்பி அளக்க ஒரு பிக்சல் போதாது, குறைந்தது 3×3 பிக்சல் அந்தப் பொருளின் மேலேயே விழவேண்டும், அதாவது 45 மி.மீ. அப்போது 20 மி.மீ. லக் 90 டிகிரியில் கொதித்தாலும் பக்கத்துத் தகட்டின் குளிர்ச்சியும் கலந்து ஒரு சாதாரண எண்தான் திரையில் வரும், நீங்களும் பழுதில்லை என்று எழுதிவிட்டு மூடியைப் பூட்டிவிடுவீர்கள். எனக்குப் பயமே இதில்தான். அதே இடத்தில் 320×240 டிடெக்டரும் 24 டிகிரி லென்ஸும் இருந்தால் 12 மி.மீ. பொருளையே அளந்துவிடலாம். திரையின் ரெசல்யூஷனையும், மென்பொருள் பெரிதாக்கிக் காட்டும் எண்ணையும் பார்த்து ஏமாறாதீர்கள்; டிடெக்டருக்கு எத்தனை பிக்சல் என்று கேளுங்கள்.

கட்டட வேலைக்குக் கணக்கு வேறு. அங்கே பொருள் பெரியது, வித்தியாசம்தான் சிறியது. சுவரில் ஓதம் ஏறிய இடம் பக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரிதான் குளிர்ந்திருக்கும். அதனால் வெப்ப உணர்திறன், அதாவது கேமரா பிரித்துக் காட்டும் மிகச் சிறிய வெப்பநிலை வித்தியாசம், 50 மில்லிகெல்வினோ (0.05 டிகிரி) அதற்குக் கீழோ இருக்கட்டும், அகன்ற லென்ஸ் எடுங்கள். உள்ளேயும் வெளியேயும் 10 டிகிரி வித்தியாசமாவது இருக்கும் நேரத்தில் பாருங்கள். அப்புறம், கேமராவுக்கு ஈரம் தெரியாது, குளிர்ச்சி மட்டும்தான் தெரியும். ஈரமானியை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மோட்டார், பேரிங், கப்ளிங் என்றால் பெரும்பாலும் 250 டிகிரி வரை அளந்தால் போதும், உலைப் பக்கம் போகிறவர்கள் 650-க்கு மேல் பாருங்கள். போன மாதப் படத்தோடு ஒப்பிடுவதுதான் இங்கே முக்கியம் என்பதால், ஒவ்வொரு பிக்சலின் வெப்பநிலையையும் படத்தோடு சேமிக்கும் கேமராவாக எடுங்கள். வெறும் வண்ணப் படத்தில் பிறகு எதையும் அளக்க முடியாது.

ஃபோகஸை நாமே திருப்பும் வசதி இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்குங்கள். மங்கலான படத்தில் வெப்பநிலையும் தப்பாகத்தான் வரும், அதை அப்புறம் மென்பொருளில் திருத்த வழியில்லை. எமிசிவிட்டியை, அதாவது ஒரு பரப்பு தன் சூட்டை எவ்வளவு வெளிவிடுகிறது என்று சொல்லும் 0 முதல் 1 வரையிலான எண்ணை, மாற்றும் வசதியும் கட்டாயம். பேனலுக்குள் மின்சாரம் கடத்தும் பளபளக்கும் செம்புப் பட்டையான பஸ்பாரின் எமிசிவிட்டி 0.1-க்கும் கீழே, அது தன் சூட்டைக் காட்டாமல் உங்கள் முகச் சூட்டைத்தான் கண்ணாடிபோல் திருப்பிக் காட்டும். பேனலின் கண்ணாடி, அக்ரிலிக் மூடி வழியாகவும் உள்ளே பார்க்க முடியாது. மின் லோடு முழு அளவில் 40 சதவீதமாவது ஓடாத நேரத்தில் எடுத்த படமும் பயன்படாது.

வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். எந்த இணைப்பிலும் இல்லாத பழைய லக் ஒன்றில் பாதிக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, சுடுநீரில் முக்கி எடுத்துத் துடைத்து மேசையில் வையுங்கள். எமிசிவிட்டியை 0.95-இல் வைத்துப் பார்த்தால் டேப் உள்ள பாதி சூடாகவும் வெறும் பாதி அறைச் சூட்டுக்குப் பக்கத்திலும் தெரியும், உலோகம் ஒன்றேதான் என்றாலும். இனி டேப்பின் மேல் குறிவைத்து ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகருங்கள், லக் ஆறிவிடுவதற்குள் சட்டென்று. எண் இறங்கியதும் மறுபடி கிட்டே போங்கள்; எண் பழையபடி ஏறினால், இறங்கத் தொடங்கிய அந்த இடம்தான் இந்த லக்கை அந்தக் கேமரா அளக்கக்கூடிய எல்லை. அது நீங்கள் எழுதி வைத்த தூரத்தைவிடக் குறைவாக இருந்தால் அடுத்த மாடலைக் கேளுங்கள்.