டவுன்ல சும்மா கெடக்குற இடத்துல கவுன்சில் கட்டப் போகுதா? நம்ம ஆளுங்க வழக்கமா பண்ற தப்புங்க

டவுன் நடுவுல வருசக்கணக்கா பூட்டிக் கெடக்குற பழைய டிப்போ, பாதி இடிஞ்ச ஆபீஸ், புல்லு மொளைச்ச பார்க்கிங்னு ஒரு கவுன்சில் இடம் எல்லா ஊர்லயும் இருக்கும், இங்க தென்னாப்பிரிக்காவுல நம்ம டர்பன்லயும் இருக்கு, வெருலம் டோங்காட் பக்கமும் இருக்கு. திடீர்னு ஒருநாள் கண்ணாடி பில்டிங், மரம், சிரிச்சிக்கிட்டே நடக்குற ஆளுங்கன்னு ஒரு கலர் படம் பேப்பர்ல வரும், அன்னிக்குத்தான் நம்ம வாட்ஸ்அப் குரூப்ல சண்டை ஆரம்பிக்கும். படம் வர்ற வரைக்கும் காத்திருக்கோம் பாருங்க, அதுதான் பெரிய தப்பு. அதுக்குள்ள பாதி முடிவாயிருக்கும்.

முடிவாகுற இடம் ஐ.டி.பி.யும் (முனிசிபாலிட்டியோட வளர்ச்சித் திட்டம்) பட்ஜெட்டும். முனிசிபாலிட்டிக்கு நிதி வருசம் ஜூலை 1-ல ஆரம்பிக்குது, டிராஃப்ட் பட்ஜெட்டை அதுக்கு 90 நாள் முன்னாடியே கவுன்சில்ல வைக்கணும், அப்போ மார்ச் கடைசிக்குள்ள வந்துரும், ஏப்ரல் மே மாசம்தான் நாம பேசுற நேரம். அந்த ரெண்டுலயும் உங்க வார்டு நம்பரைப் போட்டு தேடுங்க. போரடிக்கும், ஆனா அந்த ஒரு வரியிலதான் விஷயம் இருக்கு.

அடுத்தது, "கவுன்சிலர்கிட்ட சொல்லிட்டேன், அவரு பாத்துக்குவாரு"ன்னு வீட்டுக்கு வந்துர்றது. கோயில் தேர் அன்னிக்கு கூட்டத்துல அவரு கையைப் புடிச்சு சொன்னதுக்கு எந்த ஃபைல்லயும் ரெக்கார்டு கிடையாது. எழுத்துல குடுங்க, எர்ஃப் நம்பர் (அந்த மனையோட பதிவு நம்பர்), நோட்டீஸ்ல இருக்கிற ரெஃபரன்ஸ் நம்பர், உங்க அட்ரஸ், உங்களுக்கு என்ன பாதிப்புன்னு தெளிவா போடுங்க, கடைசி தேதிக்குள்ள போய் சேரணும், வாங்கினதுக்கு ஸ்டாம்ப் வாங்கிக்கோங்க. ஒரே மாதிரி அடிச்ச பேப்பர்ல ஆயிரம் கையெழுத்து வாங்கறதைவிட கோயில் கமிட்டி, கடைக்காரங்க, டாக்ஸி அசோசியேஷன்னு ஆளுக்கொரு காரணத்தோட தனித்தனியா லெட்டர் போனா கனம் அதிகம், இது என் கருத்து.

விக்கிறாங்களா லீஸுக்கு விடுறாங்களான்னு கேக்காம பில்டிங் எத்தனை மாடின்னு கேக்குறதும் நடக்குது. 2003-ம் வருச முனிசிபல் நிதிச் சட்டத்துல 14-வது பிரிவைப் பாருங்க, அடிப்படை சேவைக்கு இந்த இடம் தேவையில்லன்னு ஜனங்க வந்து உக்காரக்கூடிய ஓப்பன் மீட்டிங்ல கவுன்சில் முடிவு எடுக்கணும், மார்க்கெட் விலை என்னன்னும் பாக்கணும், அப்புறம்தான் விக்க முடியும். அந்த தீர்மானத்தோட காப்பி கேளுங்க. தரலைன்னா 2000-ம் வருச தகவல் சட்டத்துல மனு போடுங்க, 30 நாள்ல பதில் சொல்லியாகணும்.

அப்புறம், அந்த இடத்தை யாரும் யூஸ் பண்ணலன்னு நெனைக்கிறது. பூட்டுன கேட்டுக்கு வெளியே மீலீஸ் (மக்காச்சோளம்) விக்கிற அம்மா, ஃபோன் ரிப்பேர் பண்ற பையன், கோம்பிக்கு (டாக்ஸி வேனுக்கு) நிக்கிற வரிசை, இவங்க எவனோட பிளான்லயும் வரமாட்டாங்க. டர்பன் வார்விக் ஜங்ஷன்ல நடந்ததை மறந்துறக்கூடாது. அங்க இருக்கிற எர்லி மார்னிங் மார்க்கெட் 1910-ல வந்தது, கரும்புத் தோட்டத்துல ஒப்பந்தம் முடிச்சு காய்கறி போட்ட நம்ம தாத்தா பாட்டிங்க காலத்து விஷயம். 2009-ல, உலகக் கோப்பை வருதுன்னு ஊரையே பாலீஷ் போட்டுக்கிட்டிருந்த நேரத்துல, அதை எடுத்துட்டு மால் கட்டப் போறோம்னாங்க. தினமும் 4 லட்சம் பேருக்கு மேல நடந்து போற இடம் அது, ரயிலும் பஸ்ஸும் டாக்ஸியும் சேர்ற வாசல்ல மால் வந்தா நடந்து வர்ற கஸ்டமர் எல்லாம் உள்ள போயிருவாங்க, தெருவுல விக்கிறவங்களுக்கு என்ன மிஞ்சும்? இந்திய வியாபாரிங்களும் ஜூலு வியாபாரிங்களும் ஒண்ணா நின்னாங்க, லீகல் ரிசோர்சஸ் சென்டர் வக்கீலுங்க கோர்ட்டுக்குப் போனாங்க, 2011-ல கவுன்சிலே தன்னோட முடிவை வாபஸ் வாங்கிச்சு. ரோட்டுல நின்னது மட்டும் பத்தாது, கோர்ட்ல காட்ட பேப்பரும் வேணும்.

இடம் ஏன் காலியாச்சுன்னு கேக்காம விடறது எனக்கு ரொம்ப கோவம் வர்ற தப்பு. டர்பன்ல கிரேவில் பக்கம் பிளாக் ஏ.கே.ங்கிற ஏரியால இருந்த இந்தியக் குடும்பங்களை, யாரு எங்க இருக்கணும்னு இனவாரியா பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி எழுப்பிட்டு ரொம்ப வருசம் சும்மாதான் போட்டு வச்சிருந்தாங்க. அப்படிப் பறிபோன நிலத்தைத் திருப்பிக் கேட்டு 1998 டிசம்பர் 31-க்குள்ள நில கிளெய்ம் போட்டவங்க நம்ம சொந்தத்துலயே இருப்பாங்க, பாதிப் பேர் வீட்டுல அந்த பேப்பர் எங்கயோ டிரங்குப் பெட்டிக்குள்ள கெடக்கும். கெஸட்ல கிளெய்ம் வந்த நிலம்னா விக்கவோ லீஸுக்கு விடவோ கட்டவோ முன்னாடி நிலக் கிளெய்ம் கமிஷனர்கிட்ட ஒரு மாச நோட்டீஸ் எழுத்துல குடுத்தே ஆகணும். அதனால எர்ஃப் நம்பரை எடுத்துக்கிட்டு முதல்ல கமிஷன் ஆபீஸ்ல விசாரிங்க.

பழைய பில்டிங் நின்னா வயசு பாருங்க, 60 வருசத்துக்கு மேலன்னா அமாஃபா (பழைய பில்டிங்குகளைப் பாதுகாக்குற மாகாண அமைப்பு) பெர்மிட் இல்லாம இடிக்க முடியாது. அசிங்கமா இருக்கு இடிச்சாலும் பரவால்லன்னு மீட்டிங்ல நாமளே சொல்லி வைக்கக் கூடாது.

மீட்டிங்னு சொன்னேன்ல, அதுல ஒண்ணு. வாசல்ல ரெஜிஸ்டர் வச்சிருப்பாங்க, ஜூஸும் சமோசாவும் இருக்கும், எல்லாரும் வரிசையா கையெழுத்து போடுவோம். நாளைக்கு "ஜனங்களைக் கேட்டோம்"னு காட்டுறதுக்கு அந்த லிஸ்டையே எடுத்து நீட்டலாம். கையெழுத்து போடுங்க, தப்பில்ல, ஆனா பேசுனது மினிட்ஸ்ல ஏறிச்சான்னு மறுவாரமே காப்பி வாங்கிப் பாருங்க, ஏறலன்னா அன்னிக்கே ஈமெயில் போடுங்க.