கிரீமை விட வேண்டாம், அளந்தால் போதும்

லோ ஃபாட்மேப் (குடலில் சரியாகச் செரிக்காமல் வயிற்றைத் தொந்தரவு செய்யும் சில சர்க்கரை, நார்ச்சத்து வகைகளைக் குறைக்கும் உணவுமுறை) ஆரம்பித்த வாரம் பால், தயிர், வெண்ணெய் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜிலிருந்து துரத்தினேன். வீண் வேலை. பால் பொருட்களில் பார்க்க வேண்டியது லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைத்தான். வெண்ணெயிலும் செடார், பார்மெசான் போன்ற முதிர்ந்த சீஸிலும் அது பெயருக்குத்தான் இருக்கிறது.

கிரீமில்தான் கவனம் வேண்டும். 100 கிராம் பாலில் சுமார் 5 கிராம் லாக்டோஸ். கெட்டி கிரீமில் சுமார் 3. சூப்பை இறக்கியதும் ஒரு மேசைக்கரண்டி அளந்து ஊற்றுவேன், அரை கிராம்கூடத் தேறாது. டப்பாவைச் சாய்த்துக் கண்மதிப்பில் ஊற்றினால் மூன்று கரண்டி விழுந்துவிடும், பட்டிருக்கிறேன். அப்புறம், கொழுப்பு அதிகமானாலும் சிலருக்கு வயிறு புரட்டும்.

லாக்டோஸ் நீக்கிய பால் சற்று இனிக்கும், லாக்டேஸ் நொதி அந்தச் சர்க்கரையை உடைத்துவிடுவதால். காபிக்குச் சர்க்கரையைக் குறையுங்கள். சுவையூட்டிய தயிரா? லேபிளில் இனுலின் என்ற நார்ச்சத்து, தேன் இருக்கிறதா பாருங்கள், இந்த உணவுமுறையில் அவற்றையும் குறைக்க வேண்டும்.