பாலிஸ்டிக் ஜெல் சோதனை: துப்பாக்கிகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குண்டு எவ்வளவு ஆழம் போகிறது, எப்படி விரிகிறது என்று பார்க்க, தசைக்குப் பதிலாக ஜெலட்டின் பாளத்தில் சுடுவதுதான் பாலிஸ்டிக் ஜெல் சோதனை. ஒரே 9 எம்.எம். பிஸ்டலை எடுத்துக்கொள்வோம். முழு உலோக உறை போட்ட சாதாரணக் குண்டால் சுட்டால் ஜெலட்டின் பாளத்துக்குள் 60 செ.மீ. தாண்டிப் போகும். அதிலேயே முனையில் குழி வைத்த ஹாலோ பாயின்ட் குண்டைப் போட்டால், காளான் போல விரிந்து 30, 40 செ.மீ.யில் நின்றுவிடும். துப்பாக்கி மாறவே இல்லை. ஆகவே, எந்தக் குண்டு, என்ன வேகம் என்று சொல்லாமல் "இந்தத் துப்பாக்கி இவ்வளவு துளைக்கும்" என்றால் அந்தக் கணக்கைக் கையில் எடுக்காதீர்கள். குழல் நீளத்தையும் கேட்க வேண்டும். குட்டைக் குழலில் வேகம் குறையும். வேகம் குறைந்தால் ஹாலோ பாயின்ட் சரியாக விரியாது. விரியாத குண்டு முன்னைவிட ஆழமாகவே போகும்.

ஆழம்தான் பலம் என்று நினைப்பது அடுத்த தவறு. எம்16 ரைபிளின் பழைய எம்193 குண்டுக்கு 9 எம்.எம். குண்டைப்போல மூன்று மடங்கு ஆற்றல் உண்டு. ஆனாலும் ஜெல்லுக்குள் போனதும் பக்கவாட்டில் திரும்பி, உடைந்து சிதறி, சுமார் 35 செ.மீ.யில் முடிந்துவிடும். நாடா வைத்து அளந்தால் சாதாரணக் குண்டு போட்ட பிஸ்டல்தான் ஜெயிக்கும்!

பெரும்பாலான சோதனைகள் கோட்டை விடுவது ஜெல்லில்தான். அமெரிக்க ராணுவ மருத்துவர் மார்ட்டின் ஃபாக்லர் நிலைநிறுத்திய முறைப்படி 10 சதவீத ஜெலட்டின் கரைசலை உறையவைத்து, 4 டிகிரி செல்சியஸில் வைத்துச் சுட வேண்டும். அதற்கு முன்னால் பாளத்தையே சோதிக்க வேண்டும். 4.5 மி.மீ. எஃகு உருண்டை ஒன்றை நொடிக்கு 180 மீட்டர் வேகத்தில் அதற்குள் செலுத்தினால், சுமார் 8.5 செ.மீ. ஆழத்தில் நிற்க வேண்டும். ஒரு செ.மீ. முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான். கரைக்கும்போது சூடு அதிகமானாலும் சரி, பாளம் வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்தாலும் சரி, ஜெல் இளகி எல்லாக் குண்டும் கூடுதல் ஆழம் காட்டும். நேட்டோ நாடுகளில் 20 சதவீத ஜெல்லும் புழங்குகிறது. கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும் செயற்கை ஜெல் ஃப்ரிட்ஜ் இல்லாமலே தாங்கும்; ஆனால் அது வேறு பொருள், நடத்தையும் வேறு. ஒன்றில் கிடைத்த எண்ணை மற்றொன்றின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

ஸ்லோ மோஷனில் பாளம் பலூனாக உப்புவதைப் பார்த்து வாயைப் பிளக்கிறோம். அது ஒரு கணம் விரிந்து சுருங்கும் தற்காலிகக் குழி. தசையும் நுரையீரலும் நன்றாக இழுபட்டுப் பழைய நிலைக்கு வந்துவிடும். கல்லீரல் அப்படித் தாங்காது. ஜெல்லுக்கு எலும்பும் கிடையாது, தோலும் கிடையாது. குண்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது நல்ல அளவுகோல், மனித உடலின் நகல் அல்ல.

வெறும் ஜெல்லோடு நிறுத்திக்கொள்வதும் போதாது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. ஏஜென்ட்டுகள் இருவர் இறந்தார்கள். குற்றவாளி ஒருவனின் கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போன 9 எம்.எம். ஹாலோ பாயின்ட் இதயத்தை எட்டாமல் நின்றுவிட, அவன் தொடர்ந்து சுட்டான். அதற்கு அப்புறம்தான் எஃப்.பி.ஐ. தன் சோதனை முறையை உருவாக்கியது. தடித்த துணி, ஒட்டுப்பலகை, சுவர்ப்பலகை, எஃகுத் தகடு, கார் கண்ணாடி என்று ஒவ்வொன்றையும் முன்னால் வைத்துச் சுடுவார்கள். துணி குண்டின் முனைக் குழிக்குள் அடைத்துக்கொண்டால் ஹாலோ பாயின்ட் விரியாமலே போய்விடும். வெறும் ஜெல்லில் இது தெரியவே தெரியாது. அவர்கள் கேட்கும் ஆழம் 12 முதல் 18 அங்குலம். மேல் வரம்பு எதற்கு என்றால், அதைத் தாண்டும் குண்டு உடலைக் கடந்து பின்னால் நிற்பவரைத் தாக்கலாம்.

அளக்கும்போது ஒரு சின்ன விஷயம். ஜெல் மீள்தன்மை கொண்டது என்பதால் நின்ற குண்டு கொஞ்சம் பின்னுக்குத் தள்ளப்படும். குண்டு கிடக்கும் இடத்தை அளக்காமல், தடம் முடியும் இடத்தை அளக்க வேண்டும். அதுவும் ஒரே ஒரு குண்டை வைத்து முடிவு கட்டக் கூடாது, எஃப்.பி.ஐ. ஒவ்வொரு தடைக்கும் 5 முறை சுடுகிறது.