ஆப்டில் பழகிய கையோடு ஆர்ச்சுக்குப் போனால்

உபுண்டு லினக்ஸில் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு ஆர்ச் லினக்ஸுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்டில் 'அப்டேட்' போட்டால் பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) எதுவும் மாறாது, புதிதாக என்ன வந்திருக்கிறது என்ற பட்டியல் மட்டும் இறங்கும், ஏற்றுவது 'அப்கிரேடு'. அதே நினைப்பில் ஆர்ச்சின் கருவியான பேக்மேனிலும் பெரிய எஸ், சின்ன ஒய் போட்டுப் பட்டியலை மட்டும் இறக்கிவிட்டு, வேண்டிய ஒரே ஒரு பேக்கேஜை நிறுவுவார்கள். வினையே அங்கேதான். ஆர்ச்சில் எல்லாம் ஒன்றாகத்தான் நகரும்; புது பேக்கேஜ் தனக்கு வேண்டிய புது லைப்ரரியையும் (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பு) இழுத்து வரும், பழைய லைப்ரரியை நம்பியிருந்த மற்றதெல்லாம் மறுநாள் திறக்காது. கூடவே ஒரு 'யு' சேர்த்து முழுசாக ஏற்றுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது சூடோ, அதாவது ரூட் (முழு அதிகாரப் பயனர்) பெயரில் ஓட்டக் கட்டளைக்கு முன்னால் போடுவது. லினக்ஸில் பழகியவருக்கு அது கை தானாகத் தட்டும் சொல். மேக்கில் மென்பொருள் நிறுவும் கருவியான ஹோம்ப்ரூவோ ரூட்டாக ஓடவே மறுத்துவிடும். அனுமதிப் பிழை வந்தால் அந்த ஃபோல்டர் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஆப்பிள் சிலிக்கான் (ஆப்பிளின் சொந்தச் சிப்) மேக் என்றால் ஆப்ட் (/opt) என்ற டைரக்டரிக்குள் (மேலே சொன்ன ஆப்ட் கருவி இல்லை, பெயர்தான் ஒன்று போலக் கேட்கும்) ஹோம்ப்ரூ என்று இருக்கும்.

சூடோ போட்டு, பைதான் மொழிக்கான நிறுவும் கருவியான பிப்பில் பைதான் லைப்ரரி நிறுவுவது இதைவிட மோசம், ஏனென்றால் சிஸ்டத்தின் சொந்தக் கருவிகளே அந்தப் பைதானை நம்பி ஓடுகின்றன. 2023இல் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பு முதல் பிப் நேராகவே மறுக்கிறது. அதை மீறும் ஆப்ஷனின் பெயரிலேயே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று எழுதியிருக்கிறார்கள், அப்படியும் காப்பி பேஸ்ட் செய்கிறவர்களை என்ன சொல்வது! வென்வ் (சிஸ்டத்தைத் தொடாத தனிப் பைதான் சூழல்) ஒன்று உருவாக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

திரையில் வருவதைப் படிக்காமல் என்டர் தட்டுவதும் அப்படித்தான். 2021இல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் செயலியை நிறுவப் போய், டெஸ்க்டாப்பையே அழித்துக்கொண்டார். பேக்கேஜில் குளறுபடி இருந்தது உண்மைதான். ஆனால் எதையெல்லாம் நீக்கப்போகிறேன் என்று ஆப்ட் பட்டியல் போட்டு, 'எஸ், டூ ஆஸ் ஐ சே' என்று முழு வாக்கியத்தையும் டைப் செய்யச் சொன்னது. செய்தார்.

அப்புறம், வேறு ஏதோ பூட்டு வைத்திருக்கிறது என்று ஆப்ட் சொன்னால் உடனே லாக் ஃபைலை அழிக்கப் போகாதீர்கள். பெரும்பாலும் பின்னணியில் பாதுகாப்பு அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும், எந்தப் பிராசஸ் என்று அந்த வரியிலேயே இருக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.